கொழும்புக்குப் புதிதாக வந்தவருக்கு: சாப்பாட்டுக் கடையும் போன் கமராவும்

கொழும்புக்கு வேலைக்கு வந்த முதல் கிழமை, அம்மா ஒவ்வொரு இரவும் ஒரே கேள்விதான் கேட்பார். "என்ன சாப்பிட்டனி? படம் எடுத்து அனுப்பு பார்ப்பம்." வெள்ளவத்தையில் ஓர் அறை, கையில் ஒரு சாதாரண போன். அந்த ஒரு படத்துக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கோட்டையில் அழகான பழைய கட்டடம் ஒன்றை எடுத்ததற்கு அரை மணி நேரம் மறித்து வைத்திருந்தார்கள். மெனுவில் இருந்த விலையை நம்பி ஒரு கடையில் இருந்துவிட்டு, பில் வந்ததும் பஸ்ஸுக்கு வைத்திருந்த காசையும் எடுத்துக் கொடுத்தேன். விரத நாளில் மாசிக் கருவாடு போட்ட சம்பலைச் சைவம் என்று நம்பிச் சாப்பிட்டேன். இதெல்லாம் யாராவது பத்து நிமிடம் இருந்து சொல்லித் தந்திருந்தால் நடந்திருக்காது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹற்றனிலோ இருந்து படிக்க, வேலை செய்ய வருகிறவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம்தான் இது. கீழே இருக்கும் ஒழுங்கிலேயே செய்யுங்கள்.

1. ஊரிலேயே எடுத்துக்கொள்ள வேண்டிய கடதாசிகள்

தேசிய அடையாள அட்டையின் அசல் எப்போதும் பையில் இருக்க வேண்டும். போனில் எடுத்து வைத்த படத்தைப் பொலிஸார் மறிக்கும்போது காட்டிப் பயனில்லை. தெருவில் படம் எடுக்கப் போகிறவருக்கு இது இன்னும் முக்கியம். "யார், எதற்கு எடுக்கிறாய்?" என்று ஒருவர் கேட்டால் முதலில் நீட்ட வேண்டியது அதைத்தான். போட்டோப் பிரதி இரண்டு மூன்று எடுத்து வையுங்கள். அறை தருகிறவர் ஒன்று கேட்பார்.

கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கள். அறை எடுக்கும்போது எல்லோரும் கேட்பதில்லை. கேட்கிறவரிடம் அதைக் காட்டாவிட்டால் அறையும் இல்லை. இதை மறந்துவிட்டு வந்தால் ஒரு நாள் லீவும் ஊருக்குப் போய்வரும் பஸ் காசும் போகும். வேலையிடம் அல்லது கல்வி நிறுவனம் தரும் அடையாள அட்டையைக் கிடைத்த நாளிலிருந்து தேசிய அடையாள அட்டையோடு சேர்த்தே வைத்திருங்கள்.

சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும். என் முதல் சிம் மாமாவின் பெயரில் இருந்தது. அது பழுதானபோது புதியதை எனக்குத் தரவில்லை, பெயர்க்காரரே அடையாள அட்டையோடு வரவேண்டும் என்றார்கள். மாமா கிளிநொச்சியில் இருந்து வரும்வரை ஐந்து நாள் போன் இல்லாமல் இருந்தேன். வங்கியில் இருந்து வரும் இலக்கமும் அந்தச் சிம்முக்குத்தான் வரும் என்பதால் காசும் எடுக்க முடியவில்லை. ஊரில் வீட்டுக்காரர் பெயரில் எடுத்த சிம்மாக இருந்தால், வருவதற்கு முன் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

2. போனைத் தயார்படுத்துங்கள்

*#06# என்று அழுத்துங்கள். திரையில் 15 இலக்க எண் வரும். அதுதான் போனின் ஐஎம்இஐ. இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண் வரும். இரண்டையும் கடதாசியில் எழுதி அறையில் வையுங்கள். போன் வாங்கிய பில்லையும் அதோடு வையுங்கள். போன் பறிபோனால் பொலிஸில் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான், அந்த நேரத்தில் போனைப் பார்த்து எழுத முடியாது.

கையில் மாட்டும் ஒரு வார் வாங்குங்கள். புறக்கோட்டை நடைபாதையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பஸ் யன்னலோரம் இருந்து போனை வெளியே நீட்டிப் படம் எடுக்க வேண்டாம். வீதியோரம் மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போவதும் நடக்கிறது, அதனால் எடுக்கும்போது வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு சுவரையோ கடைக் கதவையோ முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய பருத்தித் துணித்துண்டும் சட்டைப்பைக்குள் இருக்கட்டும். அது எதற்கென்று 7-ஆம் படியில் வரும்.

3. போய்வரும் வழி

கொழும்பு முகவரியில் ஊர்ப்பெயரை விட இலக்கம்தான் உதவும். கோட்டை 1, கொம்பனித்தெரு 2, கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6, கறுவாத்தோட்டம் 7, பொரளை 8, மருதானை 10, புறக்கோட்டை 11, புதுக்கடை 12, கொட்டாஞ்சேனை 13. காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் புறக்கோட்டைக்கும் தெற்கே பாணந்துறை, மொறட்டுவைப் பக்கத்துக்கும் ஓடும். நுகேகொடை, மகரகமவுக்கு 138. ஏறும்போது சில்லறை வைத்திருங்கள். ஆயிரம் ரூபாய்த் தாளைக் கொடுத்தால் "மிச்சம் பிறகு" என்பார் நடத்துநர். இறங்குவதற்கு இரண்டு தரிப்பிடத்துக்கு முன்பே எழும்பிப் போய்க் கேளுங்கள்.

கரையோர ரயில் மலிவு, காட்சியும் நல்லது. வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டைக்குப் போனால் கடல் இடது பக்கம். காலை 7 முதல் 9 வரையும் மாலை 4.30 முதல் 6.30 வரையும் கையைத் தூக்கவே இடம் இருக்காது. படம் எடுப்பதற்கென்றால் காலை 10 மணிக்குப் பிறகு போங்கள். வாசலில் தொங்கிக்கொண்டு எடுக்காதீர்கள். வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் தண்டவாளத்தில் நின்று செல்பி எடுப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். கடல் இரைச்சலில் ரயில் வரும் சத்தம் கேட்காது. தயவுசெய்து அதை மட்டும் செய்யவே வேண்டாம். கடல் வேண்டுமென்றால் மெரின் டிரைவ் ஓரமாக நடந்தாலே போதும்.

ஓட்டோ பிடிக்க பிக்மீ, ஊபர் செயலிகளில் முதலே விலை தெரியும். தெருவில் மறித்து ஏறினால் மீற்றர் போடுவாரா என்று ஏறும் முன்பே கேளுங்கள்.

4. எந்த நேரத்தில் எதைச் சாப்பிடுவது

இதை விளங்கிக்கொண்டால் பாதிக் காசும் வயிறும் மிஞ்சும். கொழும்புக் கடைகளில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்குப் போனால் சூடாக இருக்கும், படத்திலும் ஆவி தெரியும். நேரம் தவறினால் கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ந்துபோனதைத்தான் எடுத்துத் தருவார்கள்.

காலை 6 முதல் 9 வரை இடியப்பம், புட்டு, தோசை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் சைவக் கடைகள் நிறைய. பெயர்ப்பலகை பெரிதாக இருக்கிறதா என்று பார்க்காமல், காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பார்சலுக்கு வரிசையில் நிற்கும் கடையைத் தேடுங்கள். மாவும் சொதியும் அங்கே பழசாக வாய்ப்பில்லை.

மதியச் சோறு 11.30-க்குத் தொடங்கும். 12-க்கும் 1-க்கும் இடையில் அலுவலகக் கூட்டம், இருக்க இடம் கிடைக்காது. 11.45-க்குப் போனால் கறிகள் எல்லாம் இருக்கும், தட்டை வைத்துப் படம் எடுக்க மேசையும் இருக்கும். 2 மணிக்குப் பிறகு மிஞ்சிய கறிதான். சோற்றுப் பார்சல் ஒன்று பெரும்பாலும் ஒருவருக்கு மிஞ்சும், அவ்வளவு பெரிது. சில கடைகளில் பாதிப் பார்சலும் தருவார்கள், கேட்டுப் பாருங்கள். அறையில் இரண்டு பேர் இருந்தால் ஒரு பார்சலோடு மேலதிகமாக ஒரு கறி வாங்கிச் சமாளித்த நாட்கள் எனக்கு நிறைய.

பின்னேரம் 3 முதல் 5 வரை பிளேன்டியும் சோட் ஈட்ஸும். றோல்ஸ், கட்லட், பற்றிஸ், வடை, மீன் பணிஸ். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவது. நீங்கள் ஒரு டீ கேட்பீர்கள், அவர் டீயோடு ஒரு தட்டு நிறைய எல்லா வகையையும் கொண்டுவந்து வைப்பார். எல்லாவற்றுக்கும் காசு கட்டவேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். எத்தனை எடுத்தீர்களோ அத்தனைக்குத்தான் காசு, மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். அதனாலேயே, படத்துக்காக ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்காதீர்கள். அடுத்தவர் சாப்பிடுவது. தட்டில் வந்தது வேண்டாமென்றால், கண்ணாடிப் பெட்டியில் இருந்து இடுக்கியால் இரண்டு எடுத்துத் தரச் சொல்லலாம்.

மாலை 6-க்குப் பிறகு அப்பமும் கொத்தும். அப்பச்சட்டி சூடேறி முதல் நாலைந்து அப்பம் போன பிறகுதான் விளிம்பு முறுகலாக வரும், ஆகவே 6.30-க்குப் பிறகு போங்கள். கொத்து எட்டு மணிக்கு மேல் நல்லது. அந்த நேரத்தில் கல் குளிராது, ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொண்டே இருப்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இரண்டு விடயம் கவனியுங்கள். சிங்களக் கடைகளில் தேங்காய்ச் சம்பலிலும் சில மரக்கறிகளிலும் மாசி போடுவது வழக்கம். "மரக்கறிதானே?" என்று கேட்டால் "ஓம்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, மாசியை மீன் என்று யாரும் நினைப்பதில்லை. "மாசி போட்டதா?" என்றே கேளுங்கள். சிங்களத்தில் மாசிக்கு உம்பலகட. இரண்டாவது, மரக்கறிக் கொத்து. முட்டையும் கோழியும் மாட்டிறைச்சியும் அடித்த அதே கல்லில், அதே தகட்டால்தான் அதையும் அடிப்பார்கள். அது உங்களுக்குச் சரிவராது என்றால் சைவக் கடையில் மட்டும் கொத்து வாங்குங்கள்.

போயா தினத்தில் இறைச்சிக் கடைகளும் மதுக்கடைகளும் மூடியிருக்கும். பல சாப்பாட்டுக் கடைகளும் லீவு. போயாவுக்கு முதல் நாளே பாணும் பழமும் வாங்கி அறையில் வைக்க மறக்காதீர்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் கடைகள் பல பகலில் திறக்காது. ஆனால் பின்னேரம் 5 மணிக்கு மேல் அதே கடை வாசல்களில் கஞ்சியும் சமோசாவும் குவிந்திருக்கும். மே மாதத்தில் வெசாக் வந்தால் தெருவுக்குத் தெரு தன்சல். வரிசையில் நின்றால் யாருக்கும் இலவசமாகச் சாப்பாடு தருவார்கள், யார் எவர் என்று கேட்க மாட்டார்கள்.

5. விலையும் பில்லும்

நான் கடைசியாகக் கொடுத்த விலைகளைச் சொல்கிறேன். கடைக்குக் கடை மாறும், ஓர் அளவு பிடிக்க உதவும். சிறிய கடையில் பிளேன்டி 50 ரூபாய் அளவில், மரக்கறிச் சோற்றுப் பார்சல் 300 முதல் 350, கோழிப் பார்சல் 500-ஐ ஒட்டி, முட்டை அப்பம் 100, கோழிக் கொத்து 900 முதல் 1,200 வரை. மூன்று நேரமும் கடையில் சாப்பிட்டால் மரக்கறிக்காரருக்கு நாளுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் போகும். இறைச்சி சாப்பிடுகிறவருக்கு அதைவிட ஐந்நூறு ஆறுநூறு கூடும்.

குளிரூட்டிய கடையில் மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று. 1,000 ரூபாய் என்று போட்ட தட்டுக்கு 10 சதவீதச் சேவைக் கட்டணமும், 2024 ஜனவரியில் இருந்து 18 சதவீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரியும் சேர்ந்தால் 1,300 ரூபாய் அளவில் வரும். உட்காரும் முன் "இந்த விலையில் எல்லாம் சேர்ந்ததா?" என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கொழும்பில் பிறந்தவர்களும் கேட்கிறார்கள்.

தண்ணீர்ப் போத்தலில் அச்சடித்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது. 2025 ஏப்ரலில் 500 மில்லிலீற்றருக்கு 70 ரூபாய், ஒரு லீற்றருக்கு 100 ரூபாய் என்று உச்ச விலை வைத்தார்கள். கூடக் கேட்டால் முதலில் போத்தலைக் காட்டிக் கதையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977.

பணமாகவே வைத்திருங்கள். சின்னக் கடைகளில் காட் எடுக்க மாட்டார்கள், சில இடங்களில் கியூஆர் இருக்கும். செயலி வழியாக அறைக்கு வரவழைத்தால் அதே பார்சலுக்கு விலையும் கூடும், கொண்டுவரும் கட்டணமும் சேரும். இரண்டு தெரு நடந்தால் மிஞ்சும் காசு அது.

6. கேட்ட பிறகே படம்

சாப்பிட வந்தவர் தன் தட்டைப் படம் எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அப்பம் சுடுகிறவரை, கொத்து அடிக்கிறவரை எடுக்கும்போதுதான் கேட்க வேண்டும். முதலில் வாங்குங்கள், சாப்பிடுங்கள், காசைக் கொடுங்கள், அப்புறம் கேளுங்கள். இந்த ஒழுங்கை மாற்றினால் "இவர் ஏதோ அதிகாரி, கடையைச் சோதிக்க வந்திருக்கிறார்" என்ற நினைப்பு அவருக்கு வந்துவிடும். எனக்கு ஒரு கடையில் அப்படித்தான் ஆனது. முதலாளி உள்ளே இருந்து வந்து, எந்த அலுவலகம் என்று விசாரித்தார். பாவம், அவருக்கு உண்மையிலேயே பயம். இரண்டு இடியப்பப் பார்சல் வாங்கி, அம்மாவுக்கு அனுப்பத்தான் என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது.

எப்படிக் கூப்பிடுவது என்பதும் முக்கியம். தமிழ்க் கடையில் அண்ணை, அக்கா, ஐயா. முஸ்லிம் கடையில் நானா என்றால் அவர் முகமே மாறும். சிங்களவரை அய்யா என்று கூப்பிடலாம். அவர்கள் மொழியில் அது அண்ணன் என்று பொருள், ஆகவே உங்களை விட இளையவரை அப்படிக் கூப்பிடாதீர்கள், அவருக்கு மல்லி. பெண்களுக்கு அக்கா இரண்டு மொழிக்கும் பொது.

சிங்களம் தெரியாவிட்டாலும் நாலு வார்த்தை பாடமாக்குங்கள். "போட்டோ எக்கக் கன்னத?" என்றால் ஒரு படம் எடுக்கட்டுமா. "கீயத?" என்றால் எவ்வளவு. "சற அடுவென்" என்றால் உறைப்புக் குறைவாக. பஸ்ஸில் "பஹினவா" என்றால் இறங்கப் போகிறேன். உச்சரிப்புப் பிழைத்தாலும் பரவாயில்லை, அவர்களே திருத்தித் தருவார்கள்.

வேண்டாம் என்று ஒருவர் தலையாட்டினால் போனை உடனே பைக்குள் வையுங்கள். சிறுவர்களை, பாடசாலை வாசலை, பிச்சை கேட்கிறவரை எடுக்க வேண்டாம்.

7. கடைக்குள் எடுக்கும் முறை

எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் ஓர் இடியப்பக் கடை. காலை ஆறேகாலுக்கு அவித்த தட்டுகளை இறக்குவார்கள். மூடியைத் திறக்கும்போது ஆவி குப்பென்று மேலே எழும்பி, பின்பக்கக் கதவால் வரும் வெளிச்சத்தில் வெள்ளையாகச் சுருளும். அதை எடுக்க நான் மூன்று நாள் போனேன். முதல் நாள் படம் முழுக்கப் புகைதான், லென்ஸில் நீர் படிந்துவிட்டது. இரண்டாம் நாள் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன், ஆவி தெரியவே இல்லை, மஞ்சள் சுவர் மட்டும் தெரிந்தது. மூன்றாம் நாள் அந்தக் கதவை எதிரே வைத்து, ஒரு பக்கமாகச் சரிந்து நின்று எடுத்தேன். ஆவியின் ஒவ்வொரு இழையும் வந்தது. ஆவிக்கு வெளிச்சம் பின்னால் இருந்து வரவேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் டீ, சொதி, புட்டு எல்லாவற்றுக்கும் சரிவரும்.

லென்ஸை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். அதற்குத்தான் அந்தத் துணித்துண்டு. றோல்ஸ் பிடித்த விரலின் எண்ணெய் லென்ஸில் பட்டால் விளக்கெல்லாம் கோடுகோடாக இழுபடும். போன் பழசு, அதனால் படம் சரியில்லை என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பிளாஷ் வேண்டாம். சொதியும் எண்ணெய்க் கறியும் பளபளவென்று வெள்ளையாகிவிடும், பக்கத்து மேசைக்காரருக்கும் தொல்லை. கதவுக்கோ யன்னலுக்கோ பக்கத்து மேசையில் இருங்கள். உள்ளே டியூப் லைட்டும் வெளியே பகல் வெளிச்சமும் கலந்தால் சோறு ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் வரும். ஒரு வெளிச்சம் மட்டும் படும் இடமாகத் தட்டை நகர்த்துங்கள். திரையில் தட்டைத் தொட்டு, விரலைக் கொஞ்சம் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். வெள்ளை அப்பத்துக்கு இது கட்டாயம், இல்லையென்றால் அப்பத்தின் கண்ணறை ஒன்றும் தெரியாது.

கொத்து அடிப்பதை எடுக்கிறீர்கள் என்றால் கல்லுக்குக் கிட்டப் போகாதீர்கள், எண்ணெய் தெறிக்கும். இரண்டு முழம் தள்ளி நின்று, தொடர்ச்சியாக இருபது முப்பது படம் எடுங்கள். தகடு மேலே நிற்கும் ஒரு கணம் அதில் ஒன்றிலாவது அகப்படும். மிச்சத்தை அன்றிரவே அழியுங்கள். சூடான சாப்பாட்டை ஆறவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். நான் வைத்திருக்கும் கணக்கு மூன்று படம், அதற்கு மேல் இல்லை.

8. எடுக்கவே கூடாதவை

கோட்டையில் ஜனாதிபதி மாளிகை, கடற்படைத் தலைமையகம், துறைமுக வாசல்கள். கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோரம் அலரி மாளிகை, இந்திய உயர்ஸ்தானிகராலயம், அமெரிக்கத் தூதரகம். எந்த இடத்திலும் இராணுவ முகாம், சோதனைச் சாவடி, கடமையில் நிற்கும் பொலிஸார். பின்னணியில் தற்செயலாக வந்தாலும் பிரச்சினைதான். ஆயுதத்தோடு ஒருவர் நிற்கிறாரா என்று சுற்றிப் பார்த்த பிறகு போனைத் தூக்குங்கள்.

மறித்தால் பதற வேண்டாம், ஓடவே வேண்டாம். அடையாள அட்டையைக் கொடுத்து, எடுத்த படத்தை நீங்களாகவே காட்டுங்கள். அழிக்கச் சொன்னால் அழித்து, அழித்த படங்கள் சேரும் தொகுப்பில் இருந்தும் அழித்துக் காட்டுங்கள். நான் அதைச் செய்யாததால்தான் அரை மணி நேரம் நிற்க நேர்ந்தது. விளங்காத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழும் அரசகரும மொழி, தமிழில் எழுதித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை.

கோயில்களில் மூலஸ்தானத்தை எடுக்கக் கூடாது, செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலும் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரத்திலும் உள்ளே போனை எடுக்கும் முன் கேளுங்கள். விகாரைகளில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுப்பது பெரிய அவமதிப்பு, பொலிஸ் வரைக்கும் போகும். செட்டியார் தெரு நகைக்கடைகளின் உள்ளே படம் எடுத்தால் சந்தேகப்படுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

9. முதல் மாதத்துக்குப் போதுமான மூன்று இடங்கள்

காலி முகத்திடல், மாலை. சூரியன் மறைவது நவம்பரில் 5.50 அளவில், ஜூலையில் 6.30 அளவில். மறைவதற்கு அரை மணி முன் போய், மறைந்து இருபது நிமிடம் வரை நில்லுங்கள். நல்ல நிறம் பிறகுதான் வரும், அதற்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள். இறால் வடை வண்டிகளில் விளக்குப் போடுவதும் அந்த நேரம்தான். விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். இறாலை வடையோடு திரும்ப எண்ணெயில் போட்டுச் சூடாக்கித் தரச் சொல்லுங்கள், செய்து தருவார்கள். கடற்காற்றில் உப்பு வந்து லென்ஸில் படியும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடிமழை வரும், போனுக்கு ஒரு பொலித்தீன் பை கொண்டுபோங்கள்.

புறக்கோட்டை, ஞாயிறு காலை 7 முதல் 9 வரை. மற்ற நாட்களில் இரண்டாம் குறுக்குத் தெருவில் நிற்கவே முடியாது. நாட்டாமிமார் மூட்டை ஏற்றிய வண்டிலைத் தள்ளிக்கொண்டு வரும்போது நடுவீதியில் நின்று படம் எடுத்தால் அவர்கள் பிழைப்பைக் கெடுக்கிறோம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சிவப்புப் பள்ளிவாசல் முழுதாகப் படத்துக்குள் வரும். உள்ளே போக விரும்பினால் வாசலில் நிற்பவரிடம் கேளுங்கள், தொழுகை நேரத்தைத் தவிருங்கள். பழைய மரக்கறிச் சந்தையைத் தேடி இங்கே வராதீர்கள், மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போய்விட்டது.

புதுக்கடை, இரவு 8-க்குப் பிறகு. அப்துல் ஹமீட் வீதியில் கொத்து, சுட்ட கோழி, பழச்சாறு, வட்டிலப்பம் எல்லாம் தெருவிலேயே. இருவராகப் போங்கள், ஒரே கடையில் வயிற்றை நிரப்பாமல் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வாங்கிப் பகிருங்கள். திரும்பும்போது ஓட்டோவைச் செயலியில் பிடியுங்கள், பத்து மணிக்கு மேல் பஸ் குறையும்.

10. ஊருக்கு அனுப்புவதும் ஒரு பிரதி கொடுப்பதும்

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப்போகும். அனுப்பும் முன் மேலே இருக்கும் எச்டி குறியைத் தொடுங்கள், அல்லது ஆவணமாக இணையுங்கள். டேட்டா கூடச் செலவாகும், அதனால் அறையில் வைஃபை இருந்தால் இரவில் அனுப்பலாம். கூகுள் போட்டோஸில் சேமிப்பதை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றி வையுங்கள். போன் தொலைந்தாலும் படம் மிஞ்சும்.

போன் பறிபோனால் முதலில் சிம்மை நிறுத்துங்கள், அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு பறிபோன இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் ஐஎம்இஐ எண்ணோடு முறைப்பாடு கொடுத்து அதன் பிரதியை வாங்குங்கள். அடையாள அட்டையும் சேர்ந்து போயிருந்தால், புதியதற்கு விண்ணப்பிக்க அந்தப் பிரதி தேவை. அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

ஒருவர் உங்களுக்காக நின்று படம் எடுக்க விட்டிருந்தால் அதில் நல்லது ஒன்றைக் கழுவிக் கொடுங்கள். எந்த ஸ்டூடியோவிலும் நாலுக்கு ஆறு அளவில் செய்வார்கள், ஒரு டீயும் வடையும் வாங்கும் காசுதான் ஆகும். அதே நாளில் கிடைக்கும். அந்த இடியப்பக் கடை அக்காவுக்கு நான் கொடுத்த படம் இப்போது காசுப் பெட்டிக்கு மேலே, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவரைப் பார்க்கப் போகிறவர்கள் ஆறேகாலுக்கு முன் போங்கள், ஏழு மணிக்கெல்லாம் முதல் தட்டுகள் முடிந்துவிடும்.